வாராந்திர அண்டர்கிரவுண்ட் இரவு: நடத்தி முடித்தவர்கள் எண்ணோடு சொல்லுங்கள்

#1 கீழ்த்தளம்

வியாழக்கிழமை இரவு. 150 பேர் கொள்ளும் கீழ்த்தள அறை. ஹவுஸ், டெக்னோ, கொஞ்சம் ஜங்கிள், எல்லாம் மின்னணு நடன இசை. வாரா வாரம். தொடங்கலாமா என்று மூன்று இளையர்கள் கேட்கிறார்கள். வருடக்கணக்கில் இப்படி நடத்தி, கடைசியில் பெட்டியைக் கட்டி வைத்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பழைய நினைவுகளுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே எந்த ஒப்பந்தம் தாங்கியது, சப் (தாழ்ந்த பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கர் பெட்டி) எங்கே வைத்தால் கேட்டது, எது எதனால் கெட்டது, அதைப் போடுங்கள்.

ஒரு விஷயம் முதலிலேயே. சிங்கப்பூரில் அண்டர்கிரவுண்ட் என்றால் உரிமம் இல்லாத இடம் என்று பொருள் இல்லை. வானொலியில் வராத இசை, சிறிய அறை, பாட்டிலோடு மேசையை விற்கும் பழக்கம் இல்லாத தளம். அவ்வளவுதான்.

#2 வாசல்கணக்கு

கிளப்காரர் வெள்ளி, சனிக்கிழமையை வாரா வாரம் வெளியாளுக்குத் தர மாட்டார். அந்த இரண்டு நாளும் அறை தானாகவே சம்பாதிக்கும். புதன், வியாழன், ஞாயிறு காலியாகக் கிடக்கும். அதான் நமக்கு வரும். உலகம் முழுக்க இதே கதைதான். லாஸ் ஏஞ்சலிஸில் லோ எண்ட் தியரி என்ற இரவு 2006 முதல் 2018 வரை புதன்கிழமைதான். லண்டனில் மெட்டல்ஹெட்ஸ் இரவு 1995-ல் தொடங்கியது ஞாயிறு மாலை. நம்ம ஊரில் ஸூக் கிளப் ஜியாக் கிம் ஸ்திரீட்டில் இருந்தப்பவே அதோட மாம்போ ஜாம்போ (பழைய பாப் பாட்டு இரவு) புதன்கிழமை. அது அண்டர்கிரவுண்ட் இல்லைன்னாலும், வார நடுவில் ஒரு நாளை ஊருக்கே பழக்கப்படுத்த முடியும்னு காட்டியது.

இப்ப காசு. மூணு வகை ஒப்பந்தம் வரும்.

வாசல் வசூல் நமக்கு, பார் வசூல் கிளப்புக்கு. புதுசா தொடங்குறவங்க இதை மட்டும்தான் ஒத்துக்கணும்.

பார் வசூலுக்குக் குறைந்தபட்ச உத்தரவாதம் கேட்பது அடுத்தது. 3,000 வெள்ளி வரணும், வராத மீதியை நீங்க கட்டணும்னு சொல்வாங்க. 70 பேர் வந்தா தலைக்கு 43 வெள்ளி குடிக்கணும். வியாழக்கிழமை ஆட வர்ற கூட்டம் தண்ணிதான் குடிக்கும். பாதிப் பேர் மறுநாள் காலை வேலைக்குப் போகணும். இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டா ஒரு மாத மழையிலேயே கடை மூடிடும்.

மூணாவது, ஒரு தொகைக்கு மேல் போகும் பார் வசூலில் சதவீதம். நல்லதுதான், ஆனா எந்த எண்ணை வச்சு கணக்குன்னு எழுத்தில் வாங்குங்க. அட்டையில் 18 வெள்ளின்னு இருக்கும் பானம் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து பில்லில் 21.58. நம்ம பங்கு 18-ல் இருந்துதான் வரும். பில் தொகையைப் பார்த்துக் கனவு கண்டு மாசக் கடைசியில் சண்டை போடுறது இதனாலதான்.

முதல் வகைக்கு ஒரு மாதிரிக் கணக்கு. நுழைவு 15 வெள்ளி, ஒரு பானத்தோட. அந்தப் பானத்துக்குக் கிளப் 6 வெள்ளி எடுத்துக்கிட்டா கையில் 9. 70 பேருக்கு 630. செலவு: ரெசிடென்ட் (வாரா வாரம் வாசிக்கும் நம்ம டிஜே) இரண்டு பேருக்கு 150 வீதம் 300, வாசலில் ஓர் ஆள் 100, பெட்டி தூக்க டாக்சி 60, சுவரொட்டிக்கும் படத்துக்கும் 50. மொத்தம் 510. மிச்சம் 120. கை கடிக்காம இருக்க 57 பேர் வேணும். 40 பேர் வந்த வாரம் 150 வெள்ளி நட்டம்.

ஆறு வாரம் நல்லாப் போனா கையில் 720. விருந்தினர் டிஜே ஒருத்தரைக் கூப்பிட உங்ககிட்ட இருப்பது அவ்வளவுதான்: சம்பளம், பயணம், தங்குமிடம் எல்லாம் அதுக்குள்ள. இந்த எண்ணைத் தாண்டி ஒரு பெரிய பேரைக் கூப்பிட்டா அடுத்த நாலு மாதம் அந்தக் கடனுக்காகத்தான் இரவு நடத்துவீங்க.

#3 ஒலிமேசை

வாசல்கணக்கு அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். விருந்தினருக்குச் செலவு செய்வதைவிட அறைக்குச் செலவு செய்யுங்கள். அதிலும் பாதி வேலைக்குக் காசே தேவையில்லை, இடம் மாற்றினால் போதும்.

சப்பிலிருந்து தொடங்குகிறேன். சிறிய கிளப்பில் நுழைந்தவுடன் பார்ப்பது: இடது மூலையில் ஒரு சப், வலது மூலையில் ஒரு சப். அழகாக இருக்கும், கேட்க நன்றாக இருக்காது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். ஒரு சப்பிலிருந்து உங்கள் காதுக்கு வரும் தூரமும் மற்றதிலிருந்து வரும் தூரமும் மூன்றரை மீட்டர் வேறுபட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். நடுக்கோட்டில் நெஞ்சு அதிரும், இரண்டு எட்டு பக்கவாட்டில் போனால் பாஸ் காணாமல் போகும். ஆட்கள் காரணம் தெரியாமல் நடுவில் குவிவார்கள். ஓரம் காலியாகவே இருக்கும். இரண்டையும் ஒட்டி, நடுவில், டிஜே பூத்துக்கு முன்னாலோ அடியிலோ வைத்தால் ஒரே பெட்டியாக வேலை செய்யும்.

அடுத்தது சுவர். பின்சுவரிலிருந்து 1.7 மீட்டர் தள்ளி வைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சரியாக 50 ஹெர்ட்ஸைத் தின்றுவிடும். ஒன்று சுவரோடு ஒட்டி வையுங்கள், இல்லையென்றால் 50 சென்டிமீட்டருக்குள் வையுங்கள். அப்போது அந்தப் பள்ளம் சப் வேலை செய்யும் எல்லைக்கு மேலே போய்விடும்.

சப் பின்னால், டாப் (நடு, உயர் ஒலிக்கான பெட்டி) முன்னால் என்றால் நேர வித்தியாசம் வரும். மீட்டருக்கு 2.9 மில்லிசெகண்ட். டாப் 2 மீட்டர் முன்னால் தொங்கினால் டாப்புக்கு 6 மில்லிசெகண்ட் தாமதம் கொடுங்கள். பலரும் தவறுதலாகச் சப்புக்குக் கொடுப்பார்கள்; பிந்தி வருவது மேலும் பிந்தும், கிக் (அடித்தாள டிரம்) இரண்டாக உடையும்.

அளவு: தளத்தின் நடுவில் 96 முதல் 98 டெசிபெல் போதும். உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் இசை அரங்குகளுக்கு வெளியிட்ட வரையறை, 15 நிமிடச் சராசரி 100-ஐத் தாண்டக்கூடாது என்பது. பாரில் வேலை செய்பவர்களையும் யோசியுங்கள். 85 டெசிபெலில் 8 மணி நேரம் தாங்கும் காதுக்கு, 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100-ல் 15 நிமிடம்தான். பாருக்கு மேலே தொங்கும் ஸ்பீக்கரைத் தனி வரியில் போட்டு 10 டெசிபெல் குறையுங்கள். பானம் கேட்கக் கத்த வேண்டியிருக்காது. நுரைக் காதடைப்பான் ஒரு கிண்ணத்தில் வாசலில் இருக்கட்டும்.

மிக்சரில் சிவப்பு விளக்கு எரிவதுதான் வாராந்திர இரவுகளின் தீராத நோய். பூத் மானிட்டர் (டிஜே தனக்குக் கேட்க வைத்திருக்கும் ஸ்பீக்கர்) போதாமல் டிஜே மாஸ்டரை (மொத்தச் சத்தப் பிடி) ஏற்றுவார், அது சிவப்புக்குப் போகும், எல்லை மீறும் சத்தத்தை லிமிட்டர் அழுத்தும், கிக் தட்டையாகும், சத்தம் போதவில்லை என்று இன்னும் ஏற்றுவார். மருந்து மாஸ்டரில் இல்லை. பூத் மானிட்டரைக் காது உயரத்துக்குத் தூக்குங்கள், ஒரு கை தூரத்தில் வையுங்கள். மிக்சர் மாஸ்டரை ஒரு மட்டத்தில் நிறுத்தி டேப் ஒட்டுங்கள். அறைக்குத் தேவையான சத்தத்தை ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

#4 புதுவரவு21

நன்றி அண்ணே. இசைத்தட்டு ஓட்டுற டர்ன்டேபிள் வைக்கணுமா? எல்லாரும் யுஎஸ்பிதானே கொண்டு வர்றாங்க?

#5 தட்டுக்கடை

வை தம்பி. இரண்டு போதும். ரெசிடென்ட் தட்டு போடுற இரவுன்னு தெரிஞ்சா ஒரு தனிக் கூட்டம் நிலையா வரும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 1979-ல் வந்தது, 2010-ல் உற்பத்தியை நிறுத்தினாங்க, 2016-ல் திரும்பக் கொண்டு வந்தாங்க. பழசு நல்ல நிலையில் கிடைச்சா புதுசுக்கு அலைய வேண்டாம்.

ஆனா சப்புக்குப் பக்கத்தில் தட்டு வச்சா ஊளை வரும். சப் அதிர்வு மேசை வழியா ஊசிக்குப் போய், திரும்பச் சப்புக்கே வந்து, சுத்திச் சுத்தி ஏறும். கூட்டம் வரும் முன்னாடியே சோதிச்சுடு: மோட்டாரை நிறுத்தி, நிக்கிற தட்டில் ஊசியை வை, அந்தச் சேனலை இரவு மட்டத்துக்கு ஏத்து, மேசையை விரலால் தட்டு. ‘டும்’னு வந்து அடங்கினா சரி. அடங்காம வளர்ந்தா மேசை சரியில்லை. 50-க்கு 40 சென்டிமீட்டர், 5 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு கான்கிரீட் பாளம், எடை 23 கிலோ சுமார். அதுக்கு அடியில் பாதியா வெட்டின ஸ்குவாஷ் பந்து நாலு மூலையிலும். அதுக்கு மேல டர்ன்டேபிள். பாளம் இல்லாம வெறும் நுரை மட்டும் வச்சா ஆட்டம் கூடும், ஊசி தாவும். அப்புறம் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிடு, அங்கே இசை இல்லை, ஆம்புக்குச் சுமைதான்.

கிரவுண்ட் வயரை மிக்சர் பின்னாடி முடுக்காம விட்டா 50 ஹெர்ட்ஸ் ஹம் வரும். ‘ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு’ன்னு வர்ற புகாரில் முக்கால்வாசி இந்த ஒரு வயர்தான். கான்கார்ட் வகை ஊசிக்கு எடைத் திருகை 3 கிராமுக்குச் சுத்தி வை. ஊசி தாவுதுன்னு எடையைக் கூட்டிக்கிட்டே போறவங்க தட்டைத்தான் கெடுக்கிறாங்க. முதல்ல மேசை மட்டமா இருக்கான்னு பார்.

நம்ம ஊர் ஈரம் தனி. குளிர்சாதன அறையிலிருந்து வெளியே எடுத்தவுடனே தட்டு வியர்க்கும். 20 நிமிஷம் உறையோட விட்டுட்டு எடு. தட்டை நிமிர்த்தி வை, படுக்க வைக்காதே.

யுஎஸ்பிக்கு: ஃபேட்32-ல் ஃபார்மட் பண்ணச் சொல்லு. என்டிஎஃப்எஸ் என்றால் சிடிஜே (யுஎஸ்பி குத்தும் டிஜே பிளேயர்) திறக்கவே திறக்காது. ஃப்ளாக் (தரம் குறையாத ஒலி) கோப்பு சிடிஜே-2000 நெக்ஸஸ்2-விலும் 3000-லும் ஓடும், அதுக்கு முந்தின நெக்ஸஸில் ஓடாது. வர்ற டிஜேக்கு உங்ககிட்ட என்ன மாடல் இருக்குன்னு மூணு நாள் முன்னாடியே எழுதிப் போடு. பிளேயர் எண்கள் 1, 2, 3, 4-ன்னு தனித்தனியா இருக்கணும். இரண்டுக்கு ஒரே எண் விழுந்தா இணைப்பு அறுந்து, ஒரு யுஎஸ்பியை எல்லாத்திலும் படிக்க முடியாது. டிஜே மாறும்போது முதல் ஆளின் யுஎஸ்பியை அவசரத்தில் பிடுங்குறதுதான் இசை நின்னுபோக முதல் காரணம். எடுக்கும் பொத்தானை அமுக்கி, விளக்கு அணைஞ்ச பிறகு எடுக்கணும்.

#6 உரிமத்தாள்

அனுமதிகளை யாரும் தொடவில்லை, எனவே நான்.

இடத்திடம் கேட்க வேண்டியவை: பொதுக் கேளிக்கை உரிமம், மதுபான உரிமம், இரண்டும் எத்தனை மணி வரை என்று. கிளப் என்று சொல்லிக்கொள்ளும் பல இடங்கள் உண்மையில் நீட்டிப்பு வாங்கிய உணவகங்கள். நடனத் தளம் அந்த உரிமத்தில் இருக்கிறதா என்று தாளைப் பாருங்கள், வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். இசை உரிமைக்குக் காம்பஸ் (பாடல் உரிமைக் கட்டணம் வசூலிக்கும் அமைப்பு) தரும் உரிமம் பெரும்பாலும் இடத்தின் பெயரில் இருக்கும். வெளியாள் நிகழ்ச்சிக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். தீயணைப்பு அனுமதியில் எழுதிய ஆள் எண்ணிக்கையை வாசலில் இருப்பவர் கையெண்ணியில் எண்ண வேண்டும். 150 என்றால் ஊழியர்களும் அதற்குள்தான்.

புகை இயந்திரம் வைத்தால் கட்டட மேலாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள். கூரையில் உள்ள புகை உணர்கருவியைப் பையால் மூடும் வேலை வேண்டவே வேண்டாம்.

2015 ஏப்ரல் 1 முதல் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் மது அருந்தக்கூடாது. அதனால் கோப்பை வாசற்படியைத் தாண்டக்கூடாது. புகைக்க வெளியே போகிறவர் கையில் பியர் இருந்தால் சிக்கல் அவருக்கு மட்டும் இல்லை. வாசலுக்கு உள்ளே ஒரு சிறு மேசை போட்டால் கோப்பையை அங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள். லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். மின்சிகரெட் முற்றிலும் தடை. கழிவறைச் சோதனை வாசல் ஆளின் வேலைப் பட்டியலில் இருக்கட்டும்.

வெளிநாட்டு டிஜே என்றால் சம்பளம் இல்லாமல் நண்பராக வந்து வாசிக்கிறார் என்பது விலக்கு ஆகாது. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மனிதவள அமைச்சின் விதிகளைக் கிளப்பின் உரிம வகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

#7 மாதம்ஒருமுறை

எனக்கு அடிப்படையிலேயே மாற்றுக் கருத்து. இந்த ஊருக்கு வாராந்திரம் ஒத்து வராது. இந்த இசைக்கு ஆடுகிற கூட்டம் சிறியது. அதே 60 பேரை 52 முறை கேட்டால் சலிக்கும். மாதம் ஒரு முறை வைத்தால் 150 பேர் வருவார்கள். அதோடு 2020 மார்ச் கடைசியில் மூடிய இரவு விடுதிகள் 2022 ஏப்ரல் 19 அன்றுதான் திறந்தன. மூடியபோது 18 வயதானவர் முதன்முதலில் உள்ளே வந்தது 20 வயதில். வியாழக்கிழமை வெளியே போகும் பழக்கமே இல்லாத வயதினர் அவர்கள்.

#8 வாசல்கணக்கு

மாதத்துக்கு ஒண்ணு என்றால் அது நிகழ்ச்சி. ஒவ்வொரு முறையும் புதுசா விளம்பரம், புதுசா பேர், வார இறுதி வாடகை. வாராந்திரத்துக்கு விளம்பரமே நாள்தான்: வியாழனா, அங்கே நடக்குது. யாரு வாசிக்கிறாங்கன்னு பார்க்காம வர்ற 30 பேர் உருவாகும் வரைக்கும் நட்டம். உருவான பிறகு அந்த 30 பேர்தான் வாசல், விளம்பரம், காவல் எல்லாம். அதே 60 பேர் 52 வாரமும் வர மாட்டாங்க. 150 பேர் மாத்தி மாத்தி வருவாங்க. நீங்க பயப்படுற கணக்கும் நான் சொல்ற கணக்கும் ஒண்ணுதான், வாரத்துக்குப் பிரிச்சிருக்கு.

நீங்க சொன்ன வயசு விஷயம் உண்மை. அதுக்கு வழி, 10 மணிக்கு முன்னாடி வந்தா நுழைவு 5 வெள்ளி, பானம் இல்லாம. இலவசமா விடாதீங்க. இலவசம்னா வராம இருப்பதும் இலவசம்.

#9 முதல்இரண்டுமணி

இந்த இழையில் இன்னும் யாரும் பேசாத இடம், வாராந்திர இரவு உண்மையில் பிழைக்கும் இடம்: 9 மணி முதல் 11 மணி வரை.

காலி அறையில் 132 பிபிஎம் (நிமிடத்துக்கு 132 அடி) டெக்னோவை முழுச் சத்தத்தில் போட்டால் முதலில் வரும் பத்துப் பேர் சுவரோடு ஒட்டி நிற்பார்கள். அடுத்து வருகிறவர் அவர்களைப் பார்த்து அதே சுவரில் ஒட்டுவார். 11 மணிக்கு நல்ல டிஜே ஏறினாலும் அந்தச் சுவரை உடைக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். எனவே 9 மணிக்கு 110 முதல் 115 பிபிஎம், 88 டெசிபெல். பக்கத்தில் நிற்பவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் கால் தாளம் போட வேண்டும். 10-க்கு 118 முதல் 120. 11-க்கு 122 முதல் 124, 94 டெசிபெல். மீதி 4 டெசிபெலை 12.30-க்கு வைத்திருங்கள். 9 மணிக்கே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டால் ஏற இடமே இருக்காது. வெளிச்சமும் இப்படித்தான்: தளத்தில் கால் வைக்கத் தயங்குகிறவருக்கு இருட்டு உதவும். தளம் இருட்டு, பார் வெளிச்சம்.

நம் ஊருக்கே உரிய ஒரு குழி 11.30 மணி. எம்ஆர்டி கடைசி ரயிலுக்காக மூன்றில் ஒரு பங்கு கிளம்பும். நைட்ரைடர் இரவுப் பேருந்தும் 2022-ல் நின்றுவிட்டது. 12 மணிக்கு மேல் டாக்சி மீட்டரில் 50 விழுக்காடு கூடுதல். ஆகவே ஒரே இரவில் இரண்டு கூட்டம்: ரயில் கூட்டம், டாக்சிக் கூட்டம். 11.30-க்கு டிஜேயை மாற்றாதீர்கள். தளம் மெலிவதைப் புதிதாக ஏறுகிறவர் தன் தவறென்று எண்ணி, பதறி, தெரிந்த பாட்டைத் தேடுவார். 10.30 முதல் 12.30 வரை ஒரே கை இருக்கட்டும். ரயில் கூட்டத்துக்கு 11 மணிக்கே ஓர் உச்சம் கொடுத்து அனுப்புங்கள். அவர்கள்தான் மறுநாள் அலுவலகத்தில் உங்கள் இரவைப் பற்றிச் சொல்லப் போகிறவர்கள்.

ரெசிடென்ட் என்பவர் இந்த வேலையைத் தெரிந்தவர். சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் ஃப்ராங்கி நக்கிள்ஸ், நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பில் லாரி லெவன், இருவரும் அந்தந்த அறையோடு சேர்ந்து வளர்ந்தவர்கள். இரவு முழுக்க ஒரே அறையில் வாரா வாரம் வாசித்தால்தான் எந்த நேரத்தில் அந்த அறைக்கு என்ன தேவை என்று தெரியும்.

நம்மவர்கள் கேட்கும் ஒன்றையும் சேர்க்கிறேன். பறை, உருமி வரும் குத்துப் பாட்டை ஹவுஸுக்குள் கலக்கும்போது பிபிஎம் ஒன்றாக இருந்தும் ஏன் இடறுகிறது? குத்து பெரும்பாலும் திஸ்ர நடை, ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும். ஹவுஸ் நான்காகப் பிரியும். கிக் சேரும், ஹை-ஹாட் (சிறு ஜால்ரா ஒலி) மோதும். வெளியேறும் பாட்டின் உயர் ஒலியை ஈக்யூவில் (ஒலிப் பட்டைகளை ஏற்றி இறக்கும் பிடி) முழுக்க வெட்டி, கிக்கை மட்டும் விட்டு, அதன் மேல் உருமியைக் கொண்டு வாருங்கள். 8 பார் (தாளச் சுற்று) போதும், 32 பார் இழுக்காதீர்கள்.

#10 மாதம்ஒருமுறை

11.30 விஷயம் எனக்குப் புரிந்தது. மாத நிகழ்ச்சி சனிக்கிழமை நடப்பதால் இந்தக் குழி அவ்வளவாகத் தெரியாது. வாராந்திரம் பற்றிய என் கருத்தில் பாதியை மாற்றிக்கொள்கிறேன். மீதிப் பாதி: குறைந்தது எத்தனை வாரம் ஓட்டக் கையில் காசு வேண்டும்?

#11 வாசல்கணக்கு

மேல சொன்ன கணக்கில் மோசமான வாரம் 150 நட்டம். 12 வாரமும் மோசம்னு வச்சுக்கிட்டா 1,800. அது கையில் இல்லாம தொடங்காதீங்க. கிளப்பிடமும் 12 வாரத்துக்கு எழுதி வாங்குங்க. 4 வாரத்தில் ஆள் வரலைன்னு நாளைப் பிடுங்கிடுவாங்க, கூட்டம் சேர ஆரம்பிக்கிறதே ஏழு, எட்டாவது வாரத்தில்தான். சீனப் புத்தாண்டு வாரம், தீபாவளி வாரம், டிசம்பர் கடைசி இரண்டு வாரம், நாலையும் முதல்லயே விடுமுறைன்னு போட்டுடுங்க. கெஸ்ட் லிஸ்ட் (காசு வாங்காம உள்ளே விடும் பட்டியல்) ஒரு ரெசிடென்டுக்கு 3 பேர். பத்துப் பத்துன்னு விட்டா 57-ஐத் தொடவே முடியாது.

#12 ஒலிமேசை

விட்டுப்போன ஒன்று. மேல் தளத்தில் வீடோ ஹோட்டலோ இருந்தால், திறப்பதற்கு முன் ஓர் ஆளை மேலே நிறுத்தி 40 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஓர் அலைவரிசைதான் தளத்தைத் தாண்டும். ஈக்யூவில் அதை மட்டும் குறுகலாக 5, 6 டெசிபெல் இறக்கினால் மொத்த சத்தத்தையும் குறைக்க வேண்டி வராது.

#13 புதுவரவு21

கடைசியா ஒண்ணு. அவசரப் பையில் என்ன இருக்கணும்?

#14 தட்டுக்கடை

மாற்று ஊசி 2. ஆர்சிஏ கம்பி 2 ஜோடி. எக்ஸ்எல்ஆர் 2. பிளேயர்களை இணைக்க லான் கம்பி 3, ஐந்து துளை நெட்வொர்க் ஸ்விட்ச் 1. 13 ஆம்பியர் ஃபியூஸ் 5, நம்ம மூணு முள் பிளக்குக்கு. கிரவுண்ட் வயர் ஒரு மீட்டர். டார்ச். காஃபர் டேப். ஹெட்போன் மாற்று முனை, பெரியது சின்னது. ஒரு மணி நேரக் கலவை ஏத்தின ஃபேட்32 யுஎஸ்பி, உன் சாவிக்கொத்திலேயே. டிஜே வரலைன்னாலும் பிளேயர் உறைஞ்சாலும் அதைக் குத்திட்டு நிதானமா யோசிக்கலாம்.

விளக்கையும் ஒலியையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் குத்தாதே. முழுப் பலகைக்கும் சேர்த்தே 13 ஆம்பியர், ஏறக்குறைய 3,000 வாட். புகை இயந்திரம் சூடாகும்போது நிறைய இழுக்கும். 12.30-க்கு ஃபியூஸ் போனா ஆம்பும் சேர்ந்து அணையும்.